ஏல விளையாட்டு அமைக்கும் முறை



"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!" என ஏலங் கூறும் குரலைக் கோயில் திருவிழாக்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடையில் சில காசுக்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் அங்கே நூறு வெள்ளிக்கும் போவதுண்டு. பொருள் ஒன்றே, அதன் மதிப்போ கேட்பவர் உள்ளத்திற்கேற்ப வேறுபடுகிறது. ஏலத்தின் உயிர்நிலை இதுவே. இதனைக் கொண்டு மேசைமேல் ஆடத்தக்க விளையாட்டொன்றை நாமே அமைப்பது எவ்வாறு எனக் காண்போம்.

மணிலா அட்டையை 24 துண்டுகளாக வெட்டி, டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், லங்சாட் ஆகிய பழங்களை ஆறாறு அட்டைகளில் வரைந்துகொள்க. ஆடுவோர் நால்வர். ஒவ்வொருவருக்கும் காகிதப் பணம் 30 வெள்ளி. அட்டைகளைக் கலைத்துக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து ஏலம் விடுக. மிகுதியாகக் கேட்டவர் பணத்தைப் பெட்டியில் இட்டு அட்டையை எடுத்துக்கொள்வார்.

எல்லா அட்டைக்கும் ஒரே புள்ளி என வைத்தால் நால்வரும் ஒரே விலையில் வந்து நின்றுவிடுவர், ஆட்டம் சுவைக்காது. ஆதலின், ஒரே பழம் ஒன்றிருந்தால் 1 புள்ளி, இரண்டிருந்தால் 3, மூன்றிருந்தால் 6, நான்கிருந்தால் 10, ஐந்திருந்தால் 15, ஆறிருந்தால் 21 எனக் கொள்க. கையில் இரண்டு ரம்புத்தான் வைத்திருக்கும் மாணவிக்கு மூன்றாவது ரம்புத்தான் 3 புள்ளி கூட்டும். ஒன்றுமே இல்லாதவனுக்கு அதே அட்டை 1 புள்ளிதான்.

மிச்சப் பணத்திற்கும் மதிப்பு வேண்டும். இல்லையேல் எல்லாரும் வாரி இறைப்பர். ஆட்ட முடிவில் 3 வெள்ளிக்கு 1 புள்ளி என வைப்போம். அப்படியாயின் அம்மாணவி 12 வெள்ளிக்கு அந்த அட்டையை எடுத்தால், 3 புள்ளி பெற்று 4 புள்ளியை இழக்கிறாள். ஏலத்தில் வென்றும் கணக்கில் தோற்கிறாள். அவளுடைய எல்லை 9 வெள்ளி. நான்காவதும் கிட்டும் என நம்பிச் சற்றுக் கூட்டிக் கேட்கலாம். ஆனால் எத்தனை ரம்புத்தான் வெளிவந்துவிட்டன என்பதை எண்ணியிருக்க வேண்டும். இவ்வளவையும் மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் மனக்கணக்காகப் போட வேண்டும்! வாய்பாட்டுக்கு இதனினும் நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

வாய்விட்டுக் கேட்பதற்கு மாறாக, விலையைத் தாளில் எழுதி மடித்து வைத்து, ஒருசேரத் திறப்பதும் ஒரு முறை. 1961இல் வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் இதில் ஒரு நுட்பத்தை ஆராய்ந்தார். மிகுதியாக எழுதியவரே வெல்வார். ஆனால் இரண்டாவதாக நின்ற விலையைச் செலுத்தினால் போதும். நம் மாணவி 9 என்றும் அடுத்தவன் 7 என்றும் எழுதினால் அவள் தருவது 7. அஞ்சி 6 என எழுதினால் 2 வெள்ளி ஆதாயம் கைநழுவும். ஆசையால் 12 என எழுதி, அடுத்தவன் 11 எழுதியிருந்தால் 2 வெள்ளி நட்டம். ஆகவே தன் மதிப்பை உள்ளபடி எழுதுவதே இலாபம். விக்ரிக்கு 1996இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். கூட்டுப் போட்டவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி கட்டும் கூட்டில், 1,000 வெள்ளியை 200 தள்ளி 800க்கு எடுப்பவர், அந்த 200 வெள்ளியைத் தம் அவசரத்திற்கு விலையாகத் தருகிறார். மருத்துவச் செலவோ மகளின் திருமணமோ நெருக்கும் வேளையில் எல்லை எது என்று யாருக்கு நினைவிருக்கும்? இந்நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதியைத் தடை செய்துள்ளது. எனினும் நெருக்கடி வேறு வடிவில் வரத்தான் செய்யும். அதற்கு முன்பே, காகித வெள்ளியைக் கொண்டு "இதற்குமேல் வேண்டாம்" என்று சொல்லப் பிள்ளைகள் பழகட்டும்.

விதிகளை ஆடிப் பார்த்தே திருத்த வேண்டும். ஏலமே கேளாமல் 30 வெள்ளியையும் மடியில் முடிந்து வைத்தவன் வென்றுவிட்டால் பணத்தின் மதிப்பு மிகுதி. 3 வெள்ளி என்பதை 5 ஆக்குக. பாதி ஆட்டத்திலேயே எல்லார் கையும் காலியானால் 2 ஆக்குக. ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டுமே மாற்றுக. இரண்டை ஒருசேர மாற்றினால் எது பலன் தந்தது என அறிய இயலாது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தின் புள்ளிகளையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.