குழந்தை உறக்கம்: அனுபவமும் சான்றும்

மக்கள் நல்வாழ்வு குறித்த அறிவுரைகள் இரு ஊற்றுகளிலிருந்து பிறக்கின்றன. ஒன்று, தலைமுறைகளாகச் சேர்ந்த அனுபவம். மற்றொன்று, முறையான ஆய்வு தரும் சான்று. இவை முரண்படும்போது எதனை ஏற்பது? கைக்குழந்தையை உறங்க வைக்கும் முறை குறித்து மேலை நாடுகளில் நேர்ந்த தவறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

அறிவுரை பிறந்த விதம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நன்று என அவர் பரிந்துரைத்தார். மல்லாந்து உறங்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சடைக்கக்கூடும் என்பது அவர் காட்டிய காரணம். காரணம் பொருத்தமாகத் தோன்றியது. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து உறங்குவதையும் பெற்றோர் நாள்தோறும் கண்டனர். இவ்வாறு அனுபவமும் நிபுணரின் சொல்லும் ஒன்றையொன்று வலுப்படுத்தின.

அனுபவத்தின் எல்லை

நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே காரணம் புலப்படாமல் இறந்துபோவது 'தொட்டில் மரணம்' எனப்படுகின்றது. இது அரிய நிகழ்ச்சி. விளக்கத்திற்காக, குப்புற உறங்கும் ஆயிரம் குழந்தைகளில் மூவரும், மல்லாந்து உறங்கும் ஆயிரத்தில் ஒருவரும் இறப்பதாகக் கொள்ளலாம். முதல் பிரிவில் 997 தாய்மார்கள், தம் குழந்தைக்கு எத்தீங்கும் நேரவில்லை என்றே கூறுவர். அவர்கள் கூறுவது உண்மையே. பத்துப் பேரக்குழந்தைகளை வளர்த்த பாட்டி ஓர் இறப்பையும் காணாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 97 ஆகும். ஆயினும் ஒரு இலட்சம் குழந்தைகளைக் கணக்கிட்டால், இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு 200 உயிர்கள். தனி ஒருவரின் வாழ்நாள் அனுபவத்திற்கு எட்டாத இந்த வேறுபாட்டை, இறந்த குழந்தைகளையும் நலமாயுள்ள குழந்தைகளையும் ஒப்பிடும் ஆய்வே வெளிப்படுத்த முடியும்.

சான்றும் காலதாமதமும்

நெதர்லாந்தில் 1987இல் குப்புறப் படுக்க வைப்பதற்கு எதிரான அறிவுரை வழங்கப்பட்டது. நியூசிலாந்திலும், பிரிட்டனின் ஏவன் பகுதியிலும் நடந்த ஒப்பாய்வுகள் அபாயத்தை உறுதி செய்தன. பிரிட்டனில் 1991 டிசம்பரிலும், அமெரிக்காவில் 1994இலும் மல்லாந்து படுக்க வைக்கும் இயக்கங்கள் தொடங்கின. அமெரிக்காவில் 1992இல் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1.2 ஆக இருந்த இவ்வகை இறப்பு, பத்தாண்டுகளுக்குள் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அஞ்சியபடி வாந்தியால் மூச்சடைத்து இறப்போர் தொகை பெருகவுமில்லை.

இதிலும் வருந்தத்தக்கது வேறொன்று. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான மதிப்பீடு, 1970 அளவிலேயே போதிய சான்று கிடைத்திருந்தது எனக் காட்டியது. அன்றே அவை தொகுத்து நோக்கப்பட்டிருப்பின் பிரிட்டனில் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரலேசியா ஆகியவற்றில் குறைந்தது ஐம்பதாயிரம் குழந்தைகளும் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும் என அது கணித்தது.

அனுபவத்தின் இடம்

இதனால் அனுபவம் பயனற்றது என்று கொள்ளலாகாது. குழந்தைகளை மல்லாந்து படுக்க வைக்கும் வழக்கமுள்ள ஹாங்காங்கில் தொட்டில் மரணம் அரிதாயிருப்பதை 1985இல் ஒரு மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஒரு சமுதாயத்தின் வழக்கம் ஆராய்ச்சிக்கு வினா எழுப்பியது. விடையை ஒப்பீடே தந்தது.

பிறந்த வீடுகளுக்குச் சென்று அறிவுரை கூறும் நம் நாட்டு ஆஷா பணியாளர்களுக்கும், அவர்களைப் பயிற்றுவிக்கும் அலுவலர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். எந்த அறிவுரையையும் ஏற்குமுன் மூன்று வினாக்கள் எழ வேண்டும்: எத்தனை குழந்தைகளைக் கண்டு இது சொல்லப்படுகின்றது? மாற்று முறையில் வளர்ந்தோருடன் ஒப்பிடப்பட்டதா? தீங்கு நேர்ந்தோரும் கணக்கில் சேர்க்கப்பட்டனரா? பிழைத்து வளர்ந்த குழந்தைகளின் கதையை வீடெங்கும் கேட்கலாம். இறந்த குழந்தைக்காகப் பேசுவது புள்ளிவிவரம் ஒன்றே.