கோடு என்ன சொல்லுது? வரைபு வரைவோம், வாசிப்போம்

"நிறை கொறையலியே மிஸ்ஸி! போன மாசமும் ஏழு இருநூறு, இந்த மாசமும் ஏழு இருநூறு. அப்புறம் எதுக்கு என்னைய மட்டும் நிக்கச் சொல்றீங்க?"

கிளினிக் நாளில் எந்தத் தோட்டத்திலும் கேட்கக்கூடிய பேச்சு இது. அந்தத் தாய் சொல்வதில் பொய் இல்லை. நிறை குறையவில்லைதான். ஆனால் மருத்துவிச்சி பார்ப்பது 7.2 என்ற இலக்கத்தை மட்டும் அல்ல, பிள்ளையின் கிளினிக் கொப்பியில் போட்டிருக்கும் கோட்டையும்தான். அந்தக் கோட்டை நாமும் வாசிக்கப் பழகலாம். பாடசாலையில் 'வரைபு' என்று படிப்பிப்பதும் இதைத்தான். ஆகவே இதைப் படிக்கும்போது பள்ளிக்கூடம் போகும் மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று, அடிமட்டம், பென்சில் போதும். தாளின் கீழே கிடையாக ஒரு கோடு போடுங்கள். அதன் இடது முனையிலிருந்து நேராக மேலே இன்னொரு கோடு. இவை இரண்டும் அச்சுகள். கீழ் அச்சில் பிள்ளையின் வயதை மாதத்தில் எழுதுங்கள், இரண்டு சதுரத்துக்கு ஒரு மாதம். மேலே போகும் அச்சில் நிறை. 6 கிலோவில் தொடங்கி, ஒரு சதுரத்துக்கு 100 கிராம்.

உதாரணத்துக்கு ஒரு பெண் பிள்ளையை எடுப்போம். 6 மாதம் முடிந்தபோது 6.8 கிலோ. 7இல் 7.1. 8இல் 7.2. 9இலும் 7.2. 10இலும் 7.2. மாதத்திலிருந்து மேலே போங்கள், நிறையிலிருந்து குறுக்கே வாருங்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. ஐந்து புள்ளிகளையும் அடிமட்டத்தால் சேருங்கள்.

இப்போது பாருங்கள். முதலில் மலை ஏறுகிற மாதிரி ஏறிய கோடு, பிறகு றோட்டு மாதிரி படுத்துவிட்டது.

அதே தாளில் இன்னொரு கோடும் போடலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, பெண் பிள்ளைகளின் நடு அளவு 6 மாதத்தில் 7.3 கிலோ, 10 மாதத்தில் 8.5 கிலோ. நான்கு மாதத்தில் 1 கிலோ 200 கிராம் கூடுகிறது. நம்முடைய உதாரணப் பிள்ளைக்குக் கூடியது 400 கிராம்தான். நிறை குறைவு என்று சொல்லும் எல்லை 10 மாதத்தில் 6.7 கிலோ. பிள்ளை அதற்கு மேலேதான் நிற்கிறது. எல்லையை மட்டும் பார்த்தால் "பயமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுவோம். கோடு படுத்திருப்பதைப் பார்த்ததால்தான் மிஸ்ஸி நிற்கச் சொன்னார்.

வளரும் பிள்ளைக்கு நிறை கூடாமல் நிற்பதே ஒரு செய்தி. வயிற்றோட்டமா, காய்ச்சலா, சாப்பாடு போதவில்லையா என்று அப்போதே விசாரித்தால், கோடு இறங்குவதற்கு முன் ஏதாவது செய்யலாம். இந்த வயதில் தாய்ப்பாலோடு கட்டியான சாப்பாடும் வேண்டும். வெறும் கஞ்சித் தண்ணி வயிற்றை நிரப்பும், நிறையைக் கூட்டாது. குழைந்த சோற்றோடு பருப்பு, கீரை, முட்டை, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேருங்கள். பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு கொழுந்துக்குப் போகும் தாய்மார், பகலில் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று பராமரிப்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஒரு மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை என்றால் அந்த மாதத்துக்குப் புள்ளி போடாதீர்கள். 'இவ்வளவுதான் இருக்கும்' என்று மனதால் போட்ட புள்ளி, புள்ளி இல்லாததைவிட மோசம். இன்னொன்று: பிள்ளையின் வயதைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். வயது ஒரு மாதம் பிசகினால் புள்ளியும் இடம் மாறிவிடும்.

அடுத்தது சலாகை வரைபு. இதில் கோட்டுக்குப் பதில் ஒரே அகலத்தில் சலாகைகள். கிழமையில் எந்த நாள் எத்தனை கிலோ கொழுந்து என்று ஒப்பிட இது நல்லது. ஆனால் இதிலேதான் ஏமாற்றும் நடக்கும். கூட்டு ஒப்பந்தங்களின்படி நமது அடிப்படை நாட்சம்பளம் 2013இல் 450 ரூபா, 2016இல் 500, 2019இல் 700. ஒரு சதுரம் 50 ரூபா என்று வைத்து, அச்சை 400இல் தொடங்கி மூன்று சலாகை வரையுங்கள். முதலாவது ஒரு சதுரம், இரண்டாவது இரண்டு, மூன்றாவது ஆறு. பார்க்கிறவர் "அம்மாடி, ஆறு மடங்கு கூடியிருக்கே!" என்பார். இனி பூச்சியத்தில் தொடங்கி வரையுங்கள். ஒன்பது, பத்து, பதினான்கு சதுரம். கூடியது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டு படத்திலும் இலக்கம் ஒன்றேதான், பொய் ஏதும் இல்லை. அச்சின் அடியை வெட்டியதுதான் வித்தை.

"நீங்களும் மேலே 6 கிலோவில்தானே தொடங்கினீங்க?" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்கட்டும், நியாயமான கேள்வி. கோட்டு வரைபில் நாம் பார்ப்பது ஏறுதா, இறங்குதா, படுத்திருக்குதா என்பதை. சின்ன மாற்றம் கண்ணுக்குப் படவே அடியை வெட்டினோம். சலாகை வரைபில் பார்ப்பது சலாகையின் உயரத்தை. அங்கே அடியை வெட்டினால் உயரமே பொய்யாகிவிடும்.

வட்ட வரைபு, ஒரு முழுத் தொகை எப்படிப் பங்காகிறது என்பதைக் காட்டும். முழு வட்டம் 360 பாகை. ஊழியர் சேமலாப நிதிக்கு நமது பக்கம் கழியும் 8 சதவீதம் கிட்டத்தட்ட 29 பாகை. சம்பளத் துண்டைப் பார்த்து மிச்சக் கழிவுகளையும் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள்.

பயிற்சி: ஓர் ஆண் பிள்ளையின் நிறை 9 மாதத்தில் 7.9 கிலோ, 10இல் 7.6, 11இல் 8.0, 12இல் 8.4. கோட்டு வரைபு வரையுங்கள். எந்த மாதத்தில் பிள்ளைக்குச் சுகமில்லாமல் இருந்திருக்கலாம்? இழந்த நிறையை எந்த மாதத்தில் திரும்பப் பிடித்தான்? வரைந்து முடிந்ததும் உங்கள் பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்து, கடைசி மூன்று புள்ளிகளைப் பாருங்கள்.