பெற்றோர் கட்டிய பாலர் பள்ளி

பாலர் பள்ளியில் பெற்றோருக்குரிய இடம் எது? பிள்ளையை வாசலில் விட்டுச் செல்வது மாத்திரமா? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு அருகே வில்லா செல்லா என்னும் கிராமம் உண்டு. 1945-இல் யுத்தம் முடிந்தவுடன், ஜெர்மானியப் படையினர் விட்டுப்போன டாங்கி, லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை அவ்வூரார் விற்று, அப்பணத்தில் பாலர் பள்ளி தொடங்கினார்கள். இடிந்த கட்டடங்களின் செங்கற்களைச் சேகரித்துத் தங்கள் கைகளாலேயே கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்ற லோரிஸ் மாலகுட்சி என்னும் இளம் ஆசிரியர், தம் வாழ்நாளையே சிறுபிள்ளைகளின் கல்விக்குக் கொடுத்தார். 1963-இல் ரெஜ்ஜோ நகராட்சி தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தது. அப்பள்ளிகளிலும் பெற்றோர் ஒதுக்கப்படவில்லை. ஆசிரியரோடும் ஊராரோடும் குழுவாக அமர்ந்து பள்ளிக் காரியங்களை ஆலோசித்தார்கள்.

நாம் கற்றுக்கொள்பவை இரண்டு. முதலாவது, வில்லா செல்லாவின் மக்கள் செல்வந்தரல்ல. ஏழ்மை அவர்களைத் தடுக்கவில்லை. இரண்டாவது, அவர்கள் பிறருடைய பள்ளிக்கு உதவியவர்களல்ல, பள்ளியே அவர்களுடையது.

நம் கொடை பெற்றோரை வெறுங்கையோடு வாசலில் நிற்க வைத்துவிடலாகாது. ஆகவே, பாலர் பள்ளிக்குக் கொடுக்கும்போது, தாய் தகப்பன்மார் உட்கார அங்கே இடமுண்டா, அவர்கள் சொல்லைக் கேட்பாருண்டா என்று விசாரிப்போமாக.