கடைக்காரர் பொய் சொன்னால் வீடு காணாமல் போகுமா?



போன மாதம் எங்கள் கிளையின் ஞாயிறு வகுப்பில் பேச்சு எப்படியோ சமூக ஊடகத்தின் பக்கம் போய்விட்டது. ஒரு அக்கா, "இந்த டிக்டாக்கை அரசாங்கம் ஒரேயடியா பிளாக் பண்ணிட்டா நாடு உருப்படும்" என்றார். பின்வரிசையில் இருந்த ஐந்தாம் படிவத் தம்பி ஒருவன், "அதெல்லாம் முடியாதுக்கா, டிஎன்எஸ் மாத்தினா போதும், எல்லாம் வந்துடும்" என்றான். எல்லாரும் சிரித்தோம். சரி, டிஎன்எஸ் என்றால் என்ன, அதை மாற்றினால் ஏன் வருகிறது என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. யூடியூபில் பார்த்துச் செய்தானாம். நான் பொறியியல் படிக்கிறவன் என்பதால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் தோட்டத்துக் கடையில் போய், "முனியாண்டி வீடு எது?" என்று கேட்பார். "அஞ்சாவது லயம், மூணாவது வீடு" என்று கடைக்காரர் சொல்வார். இணையமும் இப்படித்தான். கணினிகள் ஒன்றையொன்று தேடிப் போவது பெயரை வைத்து அல்ல, எண்ணை வைத்துத்தான். நீங்கள் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும், உங்கள் போன் முதலில் ஒரு கடைக்காரரிடம் போய், "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று கேட்கிறது. அந்தக் கடைக்காரர்தான் டிஎன்எஸ் சர்வர். நாம் எதையும் மாற்றவில்லை என்றால், அது பெரும்பாலும் நமக்கு லைன் கொடுத்த நிறுவனத்தின் சர்வராகவே இருக்கும்.

நம் நாட்டில் ஒரு தளத்தை "பிளாக் பண்ணுவது" என்பது பெரும்பாலும் இந்தக் கடைக்காரரைப் பொய் சொல்ல வைப்பதுதான். "முனியாண்டியா? அப்படி யாரும் இங்க இல்லையே" என்கிறார். வீடு இடிந்து போகவில்லை, முனியாண்டி உள்ளே காப்பி குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். வேறு கடையில் கேட்டால் வழி தெரிந்துவிடும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்பவை அந்த வேறு கடைகள். நம் தம்பி செய்தது இவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேறு கடைக்குப் போகும் கேள்விகளையும் வழியிலேயே பிடித்து, தங்கள் சர்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சாதாரண டிஎன்எஸ் கேள்வி உறையில் போட்ட கடிதம் அல்ல, தபால் அட்டை. வழியில் இருப்பவர் படிக்கலாம், பதிலும் எழுதலாம். நீங்கள் 8.8.8.8 என்று போட்டிருப்பீர்கள், பதிலும் அங்கிருந்து வந்தது போலவே இருக்கும். ஆனால் பேசுவது வேறு ஆள். சூதாட்டம், ஆபாசம், மோசடித் தளங்களைத் தடுக்கத்தான் இது என்று ஆணையம் விளக்கியது. அந்த நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆன்லைன் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் நம் தாமானிலேயே இருக்கிறார்கள். என் பயம் வேறு. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தாலாவது ஏன் என்று கேட்கலாம். தெரியாமலே போனால் எதைக் கேட்பது? எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8-ஆம் தேதி, இதைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தொடர்பு அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் அறிவித்தார்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. மல்டிமீடியா சூப்பர் காரிடார் தொடங்கிய காலத்தில், இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 3-ஆவது பிரிவிலேயே, இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது என்று இருக்கிறது. ஆனாலும் 2008-இல் மலேசியா டுடே, 2015-இல் சரவாக் ரிப்போர்ட், 2016-இல் மீடியம் என்று தடைகள் வந்தன. இவை சூதாட்டத் தளங்கள் அல்ல. பூட்டு ஒன்றுதான், யாருக்குப் போடுவது என்பது சாவி வைத்திருப்பவர் கையில்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த அக்கா கேட்டார்: "அப்ப செத்துப்போன பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது தம்பி?"

2024 ஜூலை. நம் சமூகத்துப் பெண் ஒருவர், டிக்டாக் நேரலைகளில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டு, மிரட்டப்பட்டு, போலீசில் புகார் கொடுத்த மறுநாளே உயிரிழந்தார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அபராதம் 100 ரிங்கிட். 1955-ஆம் ஆண்டு சிறு குற்றச் சட்டம் அவ்வளவுதான் அனுமதித்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அம்மா சாப்பிடவே இல்லை.

அக்காவுக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், அவருடைய கோபம் நியாயம், ஆனால் அவர் கேட்கும் மருந்து வேறு நோய்க்கானது. அங்கே குறைந்தது பூட்டு இல்லை. மிரட்டினவரைப் பிடிக்கச் சரியான சட்டம் இல்லை. பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் 2025-இல்தான் நடப்புக்கு வந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் 233-ஆவது பிரிவின் அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இந்தப் பிரிவைப் பற்றி எனக்கு அரை மனதுதான். 1998-இல் அதை எழுதியபோதே மிரட்டும் நோக்கத்தோடு எரிச்சலூட்டும் நோக்கத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். மிரட்டல் சரி. எரிச்சல்? அமைச்சரைக் கிண்டல் பண்ணினாலும் யாருக்காவது எரியத்தானே செய்யும்?

இன்னொன்று, இது நம் மொழி சம்பந்தப்பட்டது. கெட்ட வார்த்தைகளைப் பிடிக்க இந்தத் தளங்கள் இயந்திரங்களையும் நம்பியிருக்கின்றன. இயந்திரம் கற்றுக்கொள்வது தனக்குக் கொடுத்த உதாரணங்களிலிருந்து. ஆங்கிலத்தில் அது மலைபோல இருக்கிறது. நாம் திட்டுவதோ தமிழும் மலாயும் கலந்து, அதையும் ரோமன் எழுத்தில், ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்கில். நேரலையில் வாயால் சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் தமிழில் நடக்கும் வதையைக் கண்டுபிடித்துச் சொல்ல, பெரும்பாலும் தமிழ் தெரிந்த மனிதர்தான் வேண்டியிருக்கிறது. அதாவது பார்த்துக்கொண்டிருக்கும் நாம். நேரலை முடிந்ததும் சாட்சியும் போய்விடும். கண்ணில் பட்டால் உடனே திரையைப் பதிவு செய்யுங்கள், கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், தளத்திலும் புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் குரூப்பில் போட்டு, "பாருங்க இவளோட லட்சணத்தை" என்று சுற்றுக்கு விடுவது உதவி இல்லை.

அப்படிச் சுற்றுக்கு விடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "நான் உண்மையைத்தானே சொன்னேன்." கீதையின் 17-ஆவது அத்தியாயத்தில் வாக்குத் தவம் என்று ஒன்று வருகிறது. அங்கே உண்மை ஒன்று மட்டும் கணக்கில்லை. கேட்பவர் மனத்தைக் கலக்காததாக, இனிமையாக, நன்மை தருவதாகவும் அது இருக்க வேண்டும். இதைச் சட்டமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. இனிமையாகப் பேசவில்லை என்று போலீஸ் வீட்டுக்கு வந்தால் நாடு தாங்காது. ஆனால் நம் கிளையின் வாட்ஸ்அப் குரூப்பில் இதை நாமே வைத்துக்கொள்ளலாமே? அட்மினாக இருக்கும் அண்ணனிடம் கேட்டேன். "மொதல்ல காலையில வர்ற குட் மார்னிங் படத்தை நிறுத்தச் சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு லேப்டாப் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். என்எஸ்லுக்அப் என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. ஒரே பெயரை இரண்டு கடைகளிலும் கேட்டு, பதில் ஒன்றாக வருகிறதா என்று சேர்ந்து பார்ப்போம். அந்த அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.