முகப்பு விளக்கில் ஒரு மில்லிமீட்டர்

இரவு நேரம். இருவழிச் சாலையில் ஒரு கார் சென்றுகொண்டிருக்கிறது. எதிரே இன்னொரு கார் வருகிறது. அதன் விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிகின்றன. நம் ஓட்டுநர் தம் விளக்கை டிம் செய்து காட்டுகிறார். எதிரே வருபவரும் டிம் செய்துதான் வருகிறார். ஆயினும் கண் கூசுகிறது. அந்த வண்டி கடந்து சென்ற பிறகும் இரண்டு விநாடிகளுக்குச் சாலையே தெரியவில்லை.

இரண்டு விநாடிகள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு விநாடிகளில் 33 மீட்டர் ஓடிவிடும். அந்த 33 மீட்டருக்குள் விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

எதிரே வந்தவர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். தம் பழைய காரின் வெளிச்சம் போதவில்லை என்று கருதினார். கடையில் எல்.இ.டி. விளக்குகளை வாங்கி, பழைய ஹாலஜன் பல்புகள் இருந்த இடத்தில் பொருத்திக்கொண்டார். அவருக்கு இப்போது சாலை பளிச்சென்று தெரிகிறது. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? அதை அறிய வேண்டுமானால் இழை, டையோடு, குழியாடி ஆகிய மூன்றையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

ஹாலஜன் பல்பு கார்களின் முகப்பு விளக்கில் முதன்முதலாக இடம் பெற்றது 1962-ஆம் ஆண்டில். அதே 1962-இல்தான் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹொலோனியாக், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் டையோடை உருவாக்கினார். ஒன்று உடனே சாலைக்கு வந்துவிட்டது. மற்றொன்று சாலைக்கு ஒளி காட்டும் அளவு வளரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை ஒன்று உண்டு. மின்சாரம் பாயும்போது அது 2,500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறி ஒளிர்கிறது. செலவாகும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. சிறு பங்கே ஒளியாகிறது.

எல்.இ.டி. என்பது ஒளி உமிழ் டையோடு. இதில் சூடேற வேண்டிய இழை இல்லை. இரு வகைக் குறைகடத்திகள் சேரும் சந்தியில் எலக்ட்ரான்கள் துளைகளோடு சேரும்போது, அவை இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. எனவே ஒரு வாட் மின்சாரத்துக்கு ஹாலஜனைவிடப் பல மடங்கு ஒளி கிடைக்கிறது.

வெள்ளை ஒளி பெற நீல டையோடு தேவைப்பட்டது. ஜப்பானியரான அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவரும் காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் கொண்டு அதைச் சாதித்தனர். இதற்காக 2014-இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல டையோடின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசினால், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும். 2007-இல் லெக்சஸ் கார் ஒன்றின் டிம் விளக்கில் எல்.இ.டி. இடம் பெற்றது. அந்த விளக்கு முழுவதும் எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழியாடி செய்யும் வேலை

நம் நாட்டில் ஓடும் பல கார்களில் எச்-4 என்னும் ஹாலஜன் பல்பு உள்ளது. இதற்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பிரைட் வெளிச்சத்துக்கான இழை குழியாடியின் குவியத்தில் இருக்கிறது. குவியத்திலிருந்து புறப்படும் கதிர்கள் ஆடியில் பட்டு இணைக்கதிர்களாக நெடுந்தொலைவு செல்லும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

டிம் வெளிச்சத்துக்கான இழையோ குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதிலிருந்து ஆடியின் மேல்பாதியில் படும் கதிர்கள் சாலையை நோக்கிக் கீழே சாய்கின்றன. கீழ்ப்பாதியில் பட்டால் மேல் நோக்கிச் சென்று எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கும். அதைத் தடுக்கவே இந்த இழைக்குக் கீழே சிறு கிண்ணம்போல் ஓர் உலோகத் தகடு வைக்கப்பட்டுள்ளது. தகட்டின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்ந்திருக்கும். இதனால் நம் நாட்டில் சாலையின் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் சற்று உயர்ந்து, நடந்து செல்பவர்களையும் பெயர்ப்பலகைகளையும் காட்டுகிறது. வலப்புறம் வருபவரின் கண் காப்பாற்றப்படுகிறது.

இவ்வளவு நுட்பமும் இழை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைந்துள்ளது. இப்போது பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி.யை வைக்கிறோம். இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்.இ.டி. சில்லுகளோ ஒரு தகட்டின் இரு பக்கங்களில் ஒட்டப்பட்டு, அந்தந்தப் பக்கத்தை நோக்கியே ஒளி வீசும். இடையே தகட்டின் தடிமன் வேறு. இழை இருந்த அதே இடத்தில், அதே வடிவில் ஒளி பிறப்பதில்லை.

ஒரு மில்லிமீட்டர் விலகினால் என்ன கெட்டுவிடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஆடியின் குவியத் தொலைவு 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒளி மூலம் 1 மில்லிமீட்டர் கீழே இறங்கினால், ஒளிக்கற்றை 25-க்கு 1 என்ற சரிவில் மேலே எழும்பும். 50 மீட்டர் தொலைவில் அது எவ்வளவு? 50-ஐ 25-ஆல் வகுத்தால் 2 மீட்டர். சாலையில் விழ வேண்டிய ஒளி இரண்டு மீட்டர் உயர்ந்து எதிர் வண்டியின் கண்ணாடிக்குள் புகுந்துவிடுகிறது!

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்திலுள்ள 15 சென்டிமீட்டர் குவியத் தொலைவுள்ள குழியாடியைத் தாங்கியில் நிறுத்துங்கள். இருட்டறையில், சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, ஆடியைச் சுவர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். ஒரு டார்ச் பல்பை ஆடிக்கு முன்னால் சரியாக 15 சென்டிமீட்டரில் எரியவிடுங்கள். பல்பின் ஒளி நேராகச் சுவரில் படாதபடி அப்பக்கம் கருப்புக் காகிதம் ஒட்டுங்கள். சுவரில் ஒளிப்பொட்டு தெரியும். பல்பை 1 சென்டிமீட்டர் மேலே உயர்த்துங்கள். ஒளிப்பொட்டு சுமார் 20 சென்டிமீட்டர் கீழே இறங்குவதைக் காண்பீர்கள். பல்பை இறக்கினால் பொட்டு ஏறும். பல்பை முன்னும் பின்னும் நகர்த்தினால் பொட்டின் அளவு எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. வெற்றி பெறும் இடம்

அப்படியானால் காரில் எல்.இ.டி.யே கூடாதா? அப்படியன்று. பிரேக் விளக்கை எடுத்துக்கொள்வோம். இழை சூடேறி முழு ஒளி தர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். பின்னால் வரும் வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். 0.2 விநாடியில் அது 4 மீட்டர் ஓடும். ஒரு சிறிய காரின் நீளம் அது! அந்த 4 மீட்டர் மோதலைத் தவிர்க்கப் போதுமானதாக இருக்கலாம்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும் வெளியே விடும். இழையின் ஒளியில் சிவப்பு நிறைய உண்டு. வெள்ளை எல்.இ.டி.யில் அது குறைவு. ஆகவே சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.யையே வைக்க வேண்டும்.

இண்டிகேட்டர் ஏன் படபடக்கிறது?

இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டதும் அது வழக்கத்தைவிட வேகமாகப் படபடவென்று துடிப்பதுண்டு. காரணம் எளிது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு 21 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் மொத்தம் 3.5 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் குறைந்தால் ஒரு பல்பு எரிந்துபோய்விட்டது என்று ஃபிளாஷர் கருதி, ஓட்டுநரை எச்சரிக்க வேகமாகத் துடிக்கும். எல்.இ.டி. இழுப்பதோ மிகக் குறைந்த மின்னோட்டம்.

சிலர் இதற்காக 6 ஓம் மின்தடை ஒன்றை இணைக்கிறார்கள். 12 வோல்ட்டில் அதில் 2 ஆம்பியர் பாய்ந்து 24 வாட் வெப்பம் உண்டாகும். மிச்சப்படுத்திய மின்சாரம் முழுவதும் அதில் போய்விடும்! பிளாஸ்டிக்கில் பட்டால் உருகவும் கூடும். மின்னோட்டத்தைப் பாராமல் நேரத்தை மட்டும் அளக்கும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷரை மாற்றுவதே நல்ல வழி.

மாற்றுவதற்கு முன்

முகப்பு விளக்கில் கண்டபடி எல்.இ.டி. பொருத்துவதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. பிரிட்டனில் 2021 முதல், ஹாலஜனுக்கென்று செய்த கார் முகப்பு விளக்கில் எல்.இ.டி. இருந்தால் ஆண்டுப் பரிசோதனையில் அந்தக் கார் தேறாது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் இந்தப் பல்பு இந்தக் கார் வகைக்குப் பொருந்தும் என்று சோதித்துப் பார்த்தவற்றுக்கு மட்டுமே.

வெளிச்சம் குறைந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளாகிவிட்டதா? எர்த் இணைப்பு துருப்பிடித்துள்ளதா? ஹாலஜன் பல்புக்கு வரும் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். கம்பியைச் சுரண்டித் துடைத்தாலே பல வண்டிகளில் வெளிச்சம் மீண்டுவிடும்.

சமதரையில், ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம் விளக்கைப் போடச் சொல்லுங்கள். ஒளியின் மேல்விளிம்பு தெளிவான கோடாகத் தெரிய வேண்டும். அது பொதுவாக விளக்கின் நடுப்புள்ளியின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கோடே இல்லாமல் ஒளி சுவர் முழுவதும் சிதறினால், அந்த விளக்கு சாலைக்கு ஏற்றதன்று.

நல்ல முகப்பு விளக்கு என்பது நிறைய ஒளி தருவது மட்டுமன்று. வேண்டிய இடத்தில் ஒளியையும், வேண்டாத இடத்தில் இருளையும் தருவதே ஆகும். எதிரே வருபவருக்கும் சாலை தெரிந்தால்தான் நமக்கும் பாதுகாப்பு.

விடை காணுங்கள்

1. 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு?

2. குவியத் தொலைவு 20 சென்டிமீட்டர் உள்ள குழியாடியின் குவியத்தில் இருக்கும் விளக்கை 2 மில்லிமீட்டர் உயர்த்தினால், 10 மீட்டர் தொலைவில் ஒளிப்பொட்டு எவ்வளவு, எந்தப் பக்கம் நகரும்?

(விடைகள்: 1. சுமார் 0.42 ஆம்பியர். 2. 10 சென்டிமீட்டர், கீழ்ப்பக்கம்.)