திருவல்லிக்கேணியில் இருக்கும் தம்பிக்கு

கும்பகோணம்

 

மேன்ஷன் அறையில் மூன்று கட்டில்கள் கிடந்தும் ஒருவர் ஊர் இன்னதென்று மற்றவர் அறியார் என்றும், மெஸ்ஸில் தண்ணீர்த் தம்ளரின்மேல் கைப்பேசியைச் சாத்திவைத்துப் பார்த்தபடியே உண்டு எழுவது வழக்கமாகிவிட்டதென்றும், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் காரணமின்றியே அழுகை வருகிறதென்றும் நீ எழுதியிருந்ததைப் படித்து உன் பெரியம்மா கலங்கிப்போனாள். இதற்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை. நாலுபேர் நடமாடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பசியைப் போலவே இதுவும் சரீர தர்மம்.

ஆயினும், சிநேகிதர் வேண்டுமென்று சிநேகிதத்தையே தேடி அலையாதே. மனசுக்கு உகந்த காரியம் ஒன்றை மேற்கொண்டு, அதில் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு போ. நம்மூரில் நடந்ததையே சொல்கிறேன். 1880-இல் இங்குள்ள காலேஜில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணப் போனபோது, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவர் வினவ, படித்ததில்லையென்று உள்ளபடியே சொன்னார். அந்த ஒரு பதிலிலிருந்தே இருவருக்கும் பாடமும் பிரியமும் ஒருசேர வளர்ந்தன. நூலில் வரும் ஜைன சமய விஷயங்கள் விளங்காதபோதோ, ஐயரவர்கள் இவ்வூர் ஜைனர்களின் வீடுகளுக்கே போய், தம் சமயம் வேறாயிற்றே என்ற சங்கோசமின்றி, மாணாக்கரைப் போலச் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தார். அவர் பதிப்பித்த சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. இத்தனை மனிதர்களை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது கேட்கத் தயங்காத குணமே என்பது என் திடமான அபிப்பிராயம். தன்னிடம் ஒருவன் கற்க வந்தானென்றால் அவனைத் தள்ளிவிட யாருக்குத்தான் மனம் வரும்?

பரீட்சைக்காக நிறுத்திய மிருதங்கத்தை மறுபடி எடு. வீட்டில் உறை போட்டுக் கிடக்கிறது. இடந்தலைக்கு ரவை பூசக் கற்ற கை அதற்குள் மறந்திராது. மயிலாப்பூரில் ஓர் ஆசிரியரை விசாரித்துச் சேர்ந்து, வாரந்தோறும் தவறாமல் போ. தொடர்ந்து ஒரே வேளையில் ஒரே இடத்தில் கண்ணில் படுகிறவனையே உலகம் தன்னவனாக எண்ணுகிறது. ஆதலால் முதல் மாதம் எவரும் பேசவில்லையென்று நின்றுவிடாதே.

பக்கத்துக் கட்டில்காரருக்குக் காய்ச்சல் என்று கடிதத்தின் கோடியில் ஒரு வரி எழுதியிருந்தாய். கஞ்சியோ ரசஞ்சாதமோ வாங்கிக் கொடுத்தாயா? மாத்திரை விழுங்கினாரா என்றாவது கேட்டாயா? கேட்டிராவிட்டால், இதைப் படித்தவுடன் கேள். தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போக இயலாதெனில் உன்னுடன் அழைத்து வா. காரம் ஆகுமா ஆகாதா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதச் சொல்கிறாள் பெரியம்மா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா