பொன்முடியில் ஒரு பனிப் பாடம்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நாளில் சென்று திரும்பத் தக்க இடம் பொன்முடி. நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். இந்தப் பயணத்தையே அறிவியலுக்கும் தமிழுக்கும் ஒரு பாடமாக்கிக் கொள்ளலாம்.

1. மேலே ஏறினால் ஏன் குளிர்கிறது?

"சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். வெயில் முதலில் நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் காற்றைச் சூடாக்குகிறது. அக்காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். நகரில் 30 டிகிரி என்றால் பொன்முடியில் ஏறத்தாழ 23 டிகிரி எனக் கொள்ளலாம்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறிக் குளிரும்போது, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. வளைவுகளில் நம் வண்டியைச் சூழும் மூடுபனி அதுவே.

2. ஏரியே உறைந்தால்?

1983-க்குப் பின் ஈழத்தமிழர் பலர் ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் குடியேறினர். அங்குள்ள பிள்ளைகள் காணும் பனி வேறு. ஸ்வீடனில் ஸ்டூர்ஷோன் என்னும் பெரிய ஏரியின் கரையில் ஓஸ்டர்சுண்ட் என்ற நகரம் உள்ளது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அங்கே பகல் ஏறத்தாழ நாலரை மணி நேரமே. அதே நாளில் திருவனந்தபுரத்தில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேல் பகல் உண்டு. குளிர்காலத்தில் அந்த ஏரி உறைந்துவிடும்.

அப்படியானால் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன? நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கும். அந்த நீர் அடியில் தங்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று முதலில் உறைகிறது. மேலே மூடிய பனிக்கட்டி, கீழே உள்ள நீர் மேலும் குளிராமல் காக்கிறது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டியைப் போட்டுக் காட்டுங்கள். அது மிதப்பதன் காரணம் பிள்ளைகளுக்கு விளங்கும்.

3. மஞ்ஞும் மஞ்சும்

மூடுபனியைக் கண்டதும் இங்கே பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் "மஞ்ஞு" என்பார்கள். அதட்ட வேண்டாம். மஞ்சு என்பது தமிழில் மேகத்தையும் பனியையும் குறிக்கும் பழஞ்சொல். "தணுப்பு" என்றால், தண்ணீர் என்ற சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள்: தண் + நீர், அதாவது குளிர்ந்த நீர். மலையாளத்தின் "ஆலிப்பழம்" நம் ஆலங்கட்டி. இரு மொழிகளும் உறவென்று தெரிந்த பிள்ளை எதையும் இழப்பதில்லை. உறவைச் சொல்லித் தராமல் விட்டால், தமிழ்ச்சொல் வீட்டிலும் மெல்ல மறையும்.

நம் முன்னோர் மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் பகுத்தனர். தமிழ் நிலம் பெரும்பாலும் அறிந்த பனி, புல்லில் தங்கும் துளியும் காலை மூட்டமுமே. அதனால் பனி என்ற ஒரு சொல்லே அடிப்படையாக நிற்க, பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி என அடைகள் சேர்ந்து வேறுபாட்டை உணர்த்துகின்றன.

பெற்றோர் கவனத்திற்கு

காலையிலேயே புறப்படுங்கள். கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாற்றுப் பாறைகள் வழுக்கும். மலையில் மழை பெய்தால் கீழே திடீரென்று வெள்ளம் வரும். பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடாதீர்கள். பெருமழைக் காலத்தில் மலைப்பாதையை மூடுவதுண்டு. முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள்.

பயிற்சி

1. கடற்கரையில் 28 டிகிரி என்றால், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தில் ஏறத்தாழ எத்தனை டிகிரி இருக்கும்?
2. பனி என்ற சொல் சேர்ந்த ஐந்து தொடர்களை எழுதுக.
3. வழியில் காணும் ஊர்ப்பெயர்ப் பலகைகளில் தமிழுக்கும் பொதுவான சொற்களைக் குறித்து வருக. பொன், முடி, கல், ஆறு ஆகிய நான்கையும் நாமே தந்துவிட்டோம்!